மார்ச் முப்பதாம் தேதி மழை

2 ஏப்ரல் 1983
ஆலைக் குடியிருப்பு

அன்புள்ள சனோபர் அக்காவுக்கு,

தம்பி தோஹிரின் சலாம். உடம்பு எப்படி இருக்கிறது? மேலே பனி கரையத் தொடங்கிவிட்டதா? அடுப்புக்கு நிலக்கரி போதுமா? விடுப்பில் போன வலிஜான் திரும்பிவிட்டாரா, இல்லை வானிலை நிலையத்தை இன்னும் நீங்கள் தனியாகத்தான் கட்டி மேய்க்கிறீர்களா? ஏழு மாதமாகக் கேட்காமல் விட்டதை எல்லாம் ஒரே மூச்சில் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நிகோராவுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. யார் தூக்கினாலும் கடிக்கிறாள். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு மன்ஸூரா தெருப் பெண்களோடு சேர்ந்து முளைவிட்ட கோதுமையில் சுமலாக் கிண்டினாள். பேச்சு சுவாரசியத்தில் அடிப்பிடித்துவிட்டது. தீய்ந்த வாசனையோடுதான் தெருவே சாப்பிட்டது. உங்களுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தாள். அனுப்ப எனக்குத்தான் முகம் இல்லை.

அக்கா, இது நாலாவது தாள். மூன்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். அமோனியாவைக் காற்றோடு எரித்து, வருகிற வாயுவைக் கோபுரத்தில் தண்ணீர் தெளித்துக் கரைத்தால் அமிலம். கரையாமல் தப்புவது புகைபோக்கி வழியாக ஆரஞ்சு நிறத்தில் வானத்துக்குப் போகும். ஊரில் எல்லோரும் நரிவால் என்று சொல்வது அதைத்தான். அந்த வாலை அறுக்கவும் கொஞ்சம் அமோனியா வேண்டும். சூடான உலோக வலையின் மேல் இரண்டையும் சேர்த்து விட்டால் வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக, நிறமில்லாமல் போய்விடும். உங்கள் மழைப் புட்டியைப் பார்த்து எங்களுக்கு அபராதம் போட்ட போன வருடக் கமிஷனுக்குப் பிறகு அது ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மார்ச் கடைசியில் உரத்தின் இலக்கு எட்டவில்லை. ஃபோர்மன் ஹமீதொவ் வந்து, "வாலுக்குக் கொட்டுற அமோனியாவ மூட்டைக்குத் திருப்புங்கடா, மூணு நாள்தானே, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழாது" என்றார். திருப்பினோம். ஷிப்ட் நோட்டில் "சுத்திகரிப்பு ஓடுகிறது" என்று நான் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் போட்டார்கள். ஆனால் முப்பதாம் தேதி பகல் ஷிப்ட் என்னுடையது. அன்று காற்று உங்கள் பக்கம் போனது. உங்கள் மலையில் மேகம் இருந்ததை ஆலை மாடியிலிருந்து பார்த்தேன்.

மழை பெய்திருந்தால் அது நீங்கள் பிடித்து வைத்த புட்டியில் இருக்கும். பதினைந்தாம் தேதி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். போன வருடம் மாதிரி என் நோட்டையும் உங்கள் புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பொய்க் கையெழுத்துக்கு இனி அபராதம் கிடையாது, நீதிமன்றம்தான் என்று கமிஷன்காரர்கள் சொல்லிவிட்டுப் போனது உங்களுக்கே தெரியும்.

அந்த மழையைக் கொட்டிவிடுங்கள் அக்கா.

தம்பி,
தோஹிர்


5 ஏப்ரல்
மேலே, நிலையம்

தோஹிர்,

எஷ்மத் அண்ணன் லாரியிலிருந்து மாவும் மண்ணெண்ணெயும் இறக்கிவிட்டு உன் கடிதத்தைக் கொடுத்தார். உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நின்றபடியே பிரித்தேன். என் அடுப்பை விசாரித்திருக்கிறாய், வலிஜானை விசாரித்திருக்கிறாய். தொட்டில் விழாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் நினைவுபடுத்துகிறேன். நானே தைத்த மெத்தையோடு, ஐந்து மணி நேரம் லாரியில் குலுங்கி வந்தேன். உன் ஆலை நண்பன் ஒருவன் பாலோவ் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "சாப்பிடுங்க அக்கா, அரிசி நம்ம ஊர் மழையில கழுவினதுதான், எதுக்கும் ஒரு புட்டியில புடிச்சுக்கிட்டுப் போங்க" என்றான். கூடம் சிரித்தது. அது எனக்குப் பெரிதில்லை. நீ தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். குழந்தையைத் தொட்டிலில் போடுவதற்கு முன்னாலேயே நான் கிளம்பினேன். வாசல்வரைகூட நீ வரவில்லை.

இப்போது மழைக்கு வருகிறேன். முப்பதாம் தேதி பிற்பகல் 2.10க்குத் தூறல் தொடங்கியது. ஓடிப்போய் மழை பிடிக்கும் புனலின் மூடியைத் திறந்தேன். 4.50க்கு நின்றது, மூடினேன். பதினொரு மில்லிமீட்டர். இதை அன்று மாலையே வானொலியில் எண்களாகக் கீழே சொல்லிவிட்டேன். பெய்த மழையைப் பெய்யவில்லை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. புட்டி உடைந்தது என்றால், தம்பி வேலை செய்யும் ஆலையின் மழை மட்டும் எப்படி உடைந்தது என்று கேட்பார்கள்.

பதினொரு வருடத்தில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு எடுத்த அளவுகளும் சரியாகத்தான் இருக்கும். புகைபோக்கியை விட்டுப் போனால் தொலைந்தது என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். எங்கே தொலையும்? பனித்துளியில் ஒட்டும், இலையில் படியும், மழையில் கரைந்து அமிலமாக இறங்கும். எங்கேயோ யாரோ அதைக் குடிக்கிறார்கள். அது இறங்கிவரும் இடத்தில் நான் நிற்கிறேன். என் வேலை அவ்வளவுதான்.

கொட்ட மாட்டேன்.

சனோபர்


9 ஏப்ரல்
ஆலைக் குடியிருப்பு

அக்கா,

தொட்டில் விழா அன்று எழுந்து நின்று அவன் வாயில் ஒன்று போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வெட்கமாக இருந்தது, உங்களை நினைத்து இல்லை, என்னை நினைத்து. அதற்குப் பிறகு உங்களுக்கு எழுத ஒவ்வொரு முறை உட்கார்ந்தபோதும் அந்த வெட்கம் முன்னால் வந்து நின்றது. இப்படி ஒரு காரியத்துக்காக எழுதும்போது மன்னிப்புக் கேட்டால் அதற்கு மதிப்பிருக்காது என்றுதான் முதல் கடிதத்தில் எழுதவில்லை.

ஆனால் எனக்கு வேறு வழியில்லை. இரவில் தூக்கம் இல்லை, பகலில் சோறு இறங்கவில்லை. மன்ஸூரா கேட்கிறாள், "என்னங்க, ஆலையில எவளையாவது பாத்து வச்சிருக்கீங்களா?" என்று. ஆமாம் என்று சொன்னால்கூட இதைவிட நிம்மதியாக இருப்பாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஹமீதொவிடம் போனேன். "நோட்டுல யாரு கையெழுத்து? என்னுதா?" என்று கேட்டுவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தார். அவர் வாயால் சொன்னதற்கு எங்கேயும் எழுத்து கிடையாது. மாட்டினால் நான் ஒருத்தன்தான்.

இடி மின்னலாலும் காற்றில் இதே சரக்கு உண்டாகும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அன்று மின்னல் அடித்தது என்று ஓரத்தில் எழுத முடியாதா? ஆட்டுப் பட்டியிலிருந்தும் அமோனியா கிளம்புமே? பக்கத்தில் மந்தை கிடந்தது என்று எழுதுங்கள். ஆடு வந்து மறுக்கவா போகிறது?

சிரிக்க மாட்டீர்கள், தெரியும். எனக்கும் சிரிப்பு வரவில்லை. சிறைக்குப் போனவனின் மகள் என்று நிகோராவைச் சொல்வார்கள். பதினைந்தாம் தேதிக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. நான் ஒவ்வொரு நாளையும் விரல் விட்டு எண்ணுகிறேன்.

தோஹிர்


14 ஏப்ரல்
நிலையம்

தம்பி,

மார்ச் கடைசியில் மேய்ப்பர்கள் யாரும் மேலே ஏறுவதில்லை. மந்தை என்று எழுதினால் ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் அம்மாள்கூடச் சிரிப்பாள். அன்று மின்னலும் இல்லை. மின்னலோ ஆடோ, ஒவ்வொன்றும் எவ்வளவு கொடுக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. உங்கள் ஆலை அந்தக் கணக்குக்குள் அடங்காது.

ஆறாம் தேதி இங்கே ஒரு மழை பெய்தது. வடக்குக் காற்று, பனிமலைகளைத் தாண்டி வந்தது. அந்தப் பக்கம் ஆலையும் கிடையாது, ஊரும் கிடையாது. அதைவிடச் சுத்தமான மழை வருடத்தில் நாலுதான் கிடைக்கும். அதையும் புட்டியில் பிடித்திருந்தேன்.

இன்று காலை உன் மழையைப் பாறைச் சரிவில் கொட்டினேன். ஆறாம் தேதி மழையைப் பங்கு பிரித்து இரண்டு புட்டியிலும் ஊற்றினேன். ஒன்றில் "மார்ச் 30" என்ற சீட்டு அப்படியே இருக்கிறது. செய்த பிறகு போட்ட தேநீரைக் குடிக்காமலே வெளியே ஊற்றிவிட்டேன். திருடினவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நீ சிறையில் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். சுத்திகரிப்பு இப்போது ஓடுகிறதா? "ஓடுகிறது" என்று உன் கையால் எழுதி அனுப்பு. நோட்டில் எழுதுகிற மாதிரி எழுதாதே.

அக்கா


20 ஏப்ரல்
ஆலைக் குடியிருப்பு

அக்கா,

என்ன சொல்லி நன்றி சொல்வது? கடிதம் வந்த அன்று மூன்று தட்டு சாப்பிட்டேன். மன்ஸூரா பயந்துவிட்டாள்.

இரண்டு கிலோ உலர்திராட்சையும் நிகோராவின் புகைப்படமும் அனுப்புகிறேன். படத்தில் அவள் கடிப்பது என் தொப்பியை. காய்ந்த தயிர்க் குர்த் உருண்டைகள் மன்ஸூரா செய்தவை, உப்பு கொஞ்சம் தூக்கல்.

நீங்கள் கேட்டீர்களே, வால் இப்போது வெளிறித்தான் தெரிகிறது. சில நாள் தெரிவதே இல்லை. மே தினத்துக்கு முன்னால் கொஞ்சம் நெருக்கடி இருக்கும், எப்போதும் இருப்பதுதான். கவலைப்படாதீர்கள்.

தோஹிர்


30 ஏப்ரல், காலை 9 மணி
ஆலைக் குடியிருப்பு

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எஷ்மத் அண்ணன் விடுமுறைச் சரக்கோடு பத்து மணிக்குக் கிளம்புகிறார். பகல் மூன்றுக்குள் உங்களிடம் வந்துவிடுவேன் என்கிறார். பையில் இருக்கும் ரொட்டி இன்று காலை சுட்டது.

உங்களிடம் மறைத்தால் மனசு உறுத்துகிறது. நீங்கள் கேட்டதற்குப் போன கடிதத்தில் நேராகப் பதில் எழுதவில்லை. சுத்திகரிப்பு 25ஆம் தேதியிலிருந்து ஓடவில்லை. மார்ச் மழை சுத்தமாக இருந்தது என்று ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்ததும் ஹமீதொவ் அதைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டு, "பாத்தீங்களாடா, மலைக்காரியே சர்டிபிகேட் குடுத்துட்டா, இதெல்லாம் இல்லாமலும் ஓட்டலாம்" என்றார். எதைச் சொன்னாலும் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும்.

இன்று விடியும் நேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. காற்றே வீசவில்லை, ஒரே ஈரம், வால் மேலே போகாமல் கோபுரத்தின் மேலேயே சரிந்துவிட்டது. மேல்தட்டில் ஒரு வால்வு இறுக்க வேண்டியிருந்தது. முகமூடியை எடுத்தேன். ஹமீதொவ், "அத மாட்டிக்கிட்டு ஏறினா ஆபீஸ் ஜன்னல்ல நிக்கிறவன் என்ன நெனப்பான்? சுத்திகரிப்பு ஓடலன்னு நீயே தண்டோரா போடுறியா? மூச்சப் புடிச்சிக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல வா" என்றார். ஏறினேன். வால்வு மசியவில்லை. ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். வால் முழுக்க என் மேலேதான் படுத்திருந்தது. இறங்கி வந்து அரை மணி நேரம் இருமினேன். அப்புறம் ஷிப்டுக்குக் கொடுக்கும் பால், என் பங்கு அரை லிட்டர், பக்கத்து ஆள் பங்கு அரை லிட்டர், இரண்டையும் குடித்தேன். விஷத்தைப் பால் இழுத்துவிடும் என்று தெரியுமல்லவா? நடந்தே வீட்டுக்கு வந்தேன். இருமல் நின்றுவிட்டது. இப்போது ஒன்றுமே இல்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கும் போல இருக்கிறது. தோட்டத்தில் கொத்த வேண்டிய வேலை கிடக்கிறது, மத்தியானம் முடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

நேற்றுவரை இருந்த பயமெல்லாம் இன்று சிரிப்பாக வருகிறது.

தோஹிர்


1 மே, காலை 6 மணி
நிலையம்

தோஹிர்,

நீ இதைப் படிப்பாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். எஷ்மத் அண்ணன் வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்.

நேற்று மூன்றேகாலுக்கு உன் கடிதத்தைப் படித்தேன். பால் என்ற இடத்துக்கு வந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. போன வருடக் கமிஷனில் வந்த மருத்துவர் அம்மா இதே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த வாயு ரொம்ப நல்லவன் மாதிரி நடிக்கும். இருமல் நிக்கும், ஆளு எழுந்து நடப்பான், ஜோக்கடிப்பான். அரை நாள் கழிச்சு நுரையீரல் தண்ணியில நெறஞ்சிரும். அந்த அரை நாள் அசையாம ஆஸ்பத்திரியில படுத்திருந்தாத் தப்பலாம். வீட்டுக்குப் போயி வேல செஞ்சவன் யாரும் எனக்குத் தெரிஞ்சு பொழைக்கல." பால் தொண்டையோடு சரி. நுரையீரலுக்குள் பால் போகாது தம்பி. இவ்வளவு வருடமாக உங்களுக்கு அதைக் கொடுக்கிறார்களே, ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையா?

விடியற்காலை ஆறு மணி என்றால் மூன்றேகாலுக்கு ஒன்பது மணி நேரம் போய்விட்டது. நீ மண்வெட்டியோடு நிற்பது கண்முன் தெரிந்தது.

என் வானொலியில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்தைந்து எண்களாக வானிலையைச் சொல்லலாம். வேறு ஒரு வார்த்தை பேச அனுமதி இல்லை. மூன்று மணி முறை முடிந்துவிட்டது, அடுத்தது ஆறுக்கு. நான் கருவியைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. 3.50க்குக் கீழே எண்களை எழுதிக்கொள்ளும் நசீபா குரல் கேட்டது. முகம் பார்த்ததில்லை, ஆறு வருடமாகக் குரல் மட்டும்தான் பழக்கம்.

"அக்கா, இது நேரமில்லையே. எண்ணு சொல்லுங்க."

"எண்ணு இல்ல. என் தம்பி சாகப்போறான். ஆலைக் குடியிருப்பு, நாலாம் தெரு, பதினேழாம் வீடு. வாயு புடிச்சிருக்கு. ஆம்புலன்ஸ அனுப்பு. நடக்க விடாதீங்க, தூக்கிக்கிட்டுப் போங்க."

"அக்கா, லைன்ல நம்பர் மட்டும்தான் பேசலாம். பதிவாகுது."

"பதிவாகட்டும்!" என்று கத்தினேன். முகவரியை மூன்று முறை சொன்னேன். அப்புறம், "பெற்றுக்கொண்டேன்," என்றாள். தினமும் மழை அளவுக்குச் சொல்லும் அதே குரலில். கருவி அணைந்தது.

ஆறு மணிக்கு வேறு ஒரு ஆண் குரல். நசீபா எங்கே என்றேன். "அந்தப் பொண்ணு பாதியில எந்திரிச்சுப் போயிருச்சு. எண்ணச் சொல்லும்மா" என்றான். வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அந்த மழையை நான் கொட்டாமல் இருந்திருந்தால் ஹமீதொவ் கையில் அந்தத் தாள் வந்திருக்காது. நீ நீதிமன்றத்தில் நின்றிருப்பாய், மூச்சு விட்டுக்கொண்டு. இதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


4 மே
நிலையம்

தம்பி,

மே விடுமுறை. வண்டி இல்லை. வானொலியில் தினம் அதே ஆள். கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, லீவு முடிஞ்சு ஆபீஸ் தொறக்கட்டும்" என்கிறான்.

உலர்திராட்சைப் பை அப்படியே இருக்கிறது. அதைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம். வழியில் புள்ளியாக ஏதாவது அசைந்தால் வெளியே ஓடுகிறேன். அப்புறம், வருகிறவர் என்ன செய்தி கொண்டுவருவாரோ என்று உள்ளே ஓடி வந்துவிடுகிறேன்.

அனுப்ப வழியில்லாத கடிதம் இது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.


7 மே
ஆஸ்பத்திரி

அக்கா,

இருக்கிறேன்.

பென்சிலைப் பிடிக்கத் தெம்பில்லை, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். எஷ்மத் அண்ணன் இன்று மேலே வருகிறாராம். முதல் வார்த்தையை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள் மன்ஸூரா. இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

அன்று நாலரைக்குத் தோட்டத்தில் இருந்தேன். வேலியோரமாக ஒரு பெண், வீட்டுச் செருப்போடு, தலைமுக்காடு நழுவ ஓடி வந்தாள். பின்னால் ஆம்புலன்ஸ். "மண்வெட்டியக் கீழ போடுங்க! நீங்கதானே தோஹிர்? உங்க அக்கா மலையில உக்காந்து ஊரையே கூட்டுறாங்க!" என்றாள். நசீபா அவள்தான். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், போங்கம்மா என்று சிரித்தேன். வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஆத்திரத்தில் உங்களைத் திட்டினேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணிக்கு நெஞ்சில் ஏதோ கொதிப்பது மாதிரி சத்தம் கேட்டது. அப்புறம் இளஞ்சிவப்பாக நுரை. அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் தோட்டத்திலேயே முடிந்திருக்கும் என்றார் மருத்துவர். இனி படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆலைக்குத் திரும்ப முடியாது.

கமிஷன் வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த அந்த மருத்துவர் அம்மாவும் அதில் இருக்கிறார். ஆலை சொல்வது இது: சுத்திகரிப்பு எப்போதும் ஓடுகிறது, மார்ச்சிலும் இப்படி ஒரு புரளி கிளம்பியது, மலையிலிருந்து வந்த மழையே அதைப் பொய்யாக்கியது, தொழிலாளி கவனக்குறைவாக முகமூடி இல்லாமல் ஏறினான். என் ஷிப்டில் இப்போது மூன்று புதுப் பையன்கள். அவர்களும் முகமூடி இல்லாமல்தான் ஏறுகிறார்களாம்.

நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். வானொலியில் விதி மீறியதற்கே உங்களை விசாரிப்பார்கள் என்று நசீபா சொல்கிறாள். அவளுக்குச் சம்பளம் பிடித்துவிட்டார்களாம். இதற்கு மேல் புட்டி விஷயமும் தெரிந்தால் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பேசாமல் இருங்கள்.

தோஹிர்


12 மே
நிலையம்

தம்பி,

உன் முதல் வார்த்தையைப் படித்துவிட்டு எஷ்மத் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவம், மனிதர் கையில் முட்டைக் கூடையோடு அசையாமல் நின்றார். அப்புறம்தான் மற்ற வரிகளைப் படித்தேன்.

பேசாமல் இரு என்கிறாய். ஒரு தடவை நீ சொன்னதைக் கேட்டேன், போதும். அந்த மூன்று பையன்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களை மேலே ஏற்றுவது என் கையெழுத்து உள்ள சீட்டு.

கமிஷனுக்கு எழுதிவிட்டேன். மார்ச் முப்பது என்று வந்த புட்டியில் இருந்தது ஏப்ரல் ஆறாம் தேதி மழை. உண்மையான மழையை நான் கொட்டிவிட்டேன். இரண்டு புட்டிகளின் ஆய்வு எண்களையும் ஒப்பிட்டால் ஒரே தண்ணீர் என்று அவர்களுக்கே தெரியும். வேலை போகும். போகட்டும். வலிஜான் திரும்பிவிட்டார், மூடியைத் திறந்து மூட அவருக்கும் தெரியும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாற்றி எழுதினேன். யார் சொல்லிச் செய்தேன் என்ற கேள்வி வரும் அல்லவா? யாரும் சொல்லவில்லை, தம்பி குடும்பத்தோடு இருந்த மனஸ்தாபம் தீர வேண்டும் என்று நானாகவே செய்தேன், அவனுக்கு இது தெரியவே தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படுத்துக் கிடக்கிறவனை நீதிமன்றத்துக்கு இழுக்க விடமாட்டேன். உன் கடிதங்களை யாருக்கும் காட்டப்போவதில்லை. உன்னிடம் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல். அவ்வளவுதான் உன் வேலை.

எஷ்மத் அண்ணனுக்காகக் காத்திருக்க மனசில்லை. ஆடுகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்று கிளம்புகிறது. அவனிடமே இரண்டு உறைகளையும் கொடுக்கிறேன்.

அக்கா


12 மே
ஆஸ்பத்திரி

அக்கா,

இன்று எஷ்மத் அண்ணன் மேலே வருகிறார். உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நேற்று மருத்துவர் அம்மா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் அடுத்த கட்டிலைக் காட்டினார். என் ஷிப்டில் புதிதாகச் சேர்ந்த பையன். பத்தொன்பது வயது. பால் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். அவனைத் தூக்கி வர அவனுக்கு மலையில் ஒரு அக்கா இல்லை. நேற்று மாலை கட்டில் காலியாகிவிட்டது.

என்னால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் போட்ட பொய்க் கையெழுத்து, ஹமீதொவ் சொன்னது, முகமூடி, எல்லாம். மழையைக் கொட்டச் சொல்லி உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதியதையும் சொன்னேன். "அவங்க மாட்டேன்னுதான் சொன்னாங்க. நான்தான் குழந்தையக் காட்டிக் கெஞ்சினேன். பழி முழுக்க என்னுது," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இந்த முறை என் கையெழுத்துக்கு மேலே இருந்தது உண்மை.

ஹமீதொவ் எல்லாவற்றையும் மறுக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லாததால் இனி நம் இரண்டு பேர் சொல்தான் சாட்சி என்றார் அந்த அம்மா. "உங்க வாக்குமூலமும் உங்க அக்கா வாக்குமூலமும் ஒரு எழுத்து மாறாம இருக்கணும். எங்கயாவது ஒரு இடத்துல மாறினா, ரெண்டையும் பொய்னு தள்ளிருவாங்க, அந்த ஆளு சிரிச்சிக்கிட்டே வெளிய போயிருவான்," என்றார்.

அது ஒன்றுதான் எனக்குக் கவலையில்லாத விஷயம் என்றேன். அக்காவிடம் ஆள் அனுப்புங்கள், என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்வார், பொய் எழுத அவருக்குக் கை வராது என்றேன். ஐந்து நாளில் உங்களிடம் வருவார்கள்.

தம்பி,
தோஹிர்